வன்னி மண்ணும் சிறு இயந்திரமும்

பரந்தனிலிருந்து கிழக்கே முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் புதுக்குடியிருப்பு வரும். ஒரு பக்கம் நந்திக்கடல்; மறுபக்கம் ஒட்டுசுட்டான் வரையில் பரந்த காடு; இடையிலே குளங்களும் வயல்களும் தென்னந்தோட்டங்களும். இந்நிலத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. கோடையிலே சில்லுப் புதையும் மணலும் செம்புழுதியுமாகக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்றோடு மாரி தொடங்கிவிட்டால், அதே நிலம் முழங்காலளவு சேறாக மாறும். தார் வீதியில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட மோட்டார் வண்டி, வீதியை விட்டு வயற்பாதையில் இறங்கிய கணமே அவ்விடத்தில் நின்றுவிடும். இத்தகைய நிலத்தில் மனிதனையும் அவன் விளைவித்த நெல்லையும் ஏற்றிச் செல்லத்தக்க ஊர்தி எது என்ற கேள்விக்கு, வன்னி மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தங்கள் கைகளாலேயே விடை கண்டு வந்திருக்கின்றனர்.

பாதையில்லாப் பாதையில் ஓடும் வண்டியை வீட்டிலேயே செய்துகொள்ளும் முயற்சி உலகின் பல பாகங்களிலும் நடந்துள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் புரூஸ் மேயர்ஸ் என்பவர், 1964இல் கண்ணாடியிழையினால் இலேசான உடலொன்றை வார்த்து, வொக்ஸ்வாகன் காரின் உறுப்புகளைப் பொருத்தி மணல்மேட்டு வண்டியொன்றை உருவாக்கினார். 1967இல் அவரும் ரெட் மாங்கெல்ஸ் என்பவரும் மெக்சிக்கோவின் பாஹா தீபகற்பத்தின் கரடுமுரடான பாதையை அவ்வகை வண்டியொன்றில் 34 மணி 45 நிமிடத்தில் கடந்தனர். அதன்பின் மணல்வெளி வண்டி ஒரு விளையாட்டாகவே வளர்ந்தது. இரும்புக் குழாய்களை ஒட்டிச் சட்டம் அமைத்து, பழைய மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை அதிற் பூட்டி ஓட்டி மகிழும் இளைஞர்கள் இன்று பல நாடுகளிலும் உளர்.

மோட்டார் சைக்கிளின் இயந்திரம் இவ்வேலைக்கு ஏன் தெரிந்தெடுக்கப்படுகின்றது? காரணம் எளிது. இயந்திரம், கிளச், கியர்ப்பெட்டி ஆகிய மூன்றும் ஒரே கூட்டினுள் அடங்கியிருக்கும். அதனை இருவர் தூக்கிவிடலாம். ஒரு செயினை மாட்டினால் பின்சில்லு சுழலும். ஆனால் குறைகளும் இல்லாமல் இல்லை. அவ்வியந்திரங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் இல்லை. அவை எதிர்க்காற்றினாற் குளிர்வன. ஆதலால் சேற்றிலும் மணலிலும் மெல்ல ஊரும்போது கொதித்துப் போகும். இரண்டு பின்சில்லுகளையும் ஒரே அச்சிற் பூட்டினால் சேற்றில் நல்ல பிடிப்புக் கிடைக்கும்; திருப்பத்திலோ வண்டி நேரே செல்லவே முயலும். சிறு இயந்திரத்தைக் கொண்டு வண்டி செய்த ஒவ்வொருவனும் இம்மூன்று சிக்கல்களையும் தன் வழியில் தீர்க்க வேண்டியவனானான்.

இக்கைவேலையின் பெருமைக்கு மிகச் சிறந்த சான்று இங்கிலாந்தில் உண்டு. போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல் சார்ள்ஸ் கூப்பர், ஜோன் கூப்பர் எனும் தந்தையும் மகனும் சேர்பிற்றன் என்னும் ஊரிலிருந்த தங்கள் கராஜில் ஒரு சிறு பந்தயக் காரைச் செய்தனர். பழைய பியற் கார்கள் இரண்டின் முன்பாகங்களை வெட்டி முதுகோடு முதுகாக ஒட்டியதே அதன் சட்டம். அதன் உயிர் ஜே.ஏ.பி. என்னும் 500 கன சென்ரிமீற்றர் மோட்டார் சைக்கிள் இயந்திரம். செயின் பின்சில்லுக்கு அருகில் இருக்கவேண்டும் என்ற எளிய காரணத்தால் இயந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்தனர். பதின்மூன்று ஆண்டுகளின்பின், 1959இலும் தொடர்ந்து 1960இலும், இயந்திரத்தைப் பின்னே கொண்ட கூப்பர் கார்களிலேயே ஜாக் பிரபாம் உலக வாகையர் பட்டம் பெற்றார். பந்தயக் கார்களின் அமைப்பே அதன்பின் மாறிற்று. வசதிக் குறைவிலே பிறந்த ஓர் ஏற்பாடு உலகுக்கே வழிகாட்டியாயிற்று.

அக்காலத்துச் சிறு இயந்திரங்களுக்கு வேறொரு தன்மையும் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு இயந்திரம் செய்த நிறுவனமே வயலுக்கும் தோட்டத்துக்கும் இயந்திரம் செய்தது. 1898இல் மிதிவண்டி உறுப்புகள் செய்யத் தொடங்கிய வில்லியர்ஸ் நிறுவனம் பல மோட்டார் சைக்கிள் நிறுவனங்களுக்கு இயந்திரம் வழங்கியதோடு, ஓரிடத்தில் நின்று வேலை செய்யும் சிறு இயந்திரங்களையும் செய்தது. 1956ஆம் ஆண்டளவில் அது செய்த இயந்திரங்களின் தொகை இருபது இலட்சத்தை எட்டியது. யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்த காலம் போய், 1950களின் பின் நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது, வடபகுதி உழவன் பழகிக்கொண்டது இவ்வகை இயந்திரத்தையே. பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், காபுறேற்றரின் துளையை ஊதிச் சுத்தம் செய்யவும், கயிற்றைச் சுற்றி இழுத்து இயக்கவும் அவன் கற்றுக்கொண்டான். அக்கல்வி எந்தப் பாடசாலையிலும் கிடைத்ததன்று, கிணற்றடியிலே கிடைத்தது.

அதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணிநெருக்கடி குடும்பங்களை வன்னிக்கு நகர்த்திற்று. காடு வெட்டப்பட்டது, குளங்கள் திருத்தப்பட்டன, தருமபுரம், விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் குடியேற்றங்கள் எழுந்தன. அதுவரை வன்னியின் பாரங்களை யெல்லாம் சுமந்தது மாட்டு வண்டிலேயாகும். அதன் உயர்ந்த மரச்சில்லு வாய்க்காலையும் வரப்பையும் தாண்டியது. சேற்றிலும் மணலிலும் நிற்காது ஊர்ந்தது. புதிய ஊர்தி எதுவாயினும் அந்த வண்டில் சென்ற வழியாற் செல்ல வேண்டியிருந்தது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு கார் அன்று, லொறியும் அன்று, வயலை உழ வந்த ஒரு கைப்பிடி இயந்திரம்.

அதன் முன்வரலாறு நீண்டது. 1912இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் கிளிபர்ட் ஹவார்ட் என்னும் இளைஞர், கலப்பையை இழுப்பதற்குப் பதிலாகச் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறலாம் என்று தம் தந்தையாரின் பண்ணையிலே பரீட்சித்தார். அவ்வெண்ணம் பல நாடுகளிலும் பரவி, சிறு இயந்திரமும் இரண்டு சில்லுகளும் நீண்ட இரு கைப்பிடிகளும் கொண்ட உழவு இயந்திரமாக உருப்பெற்றது. இலங்கையில் அதனோடு பிரிக்கமுடியாதபடி இணைந்த பெயர் றே விஜேவர்த்தன. 1924இற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்ற அவர், 1950களின் நடுப்பகுதியில் நெல்வயலுக்கு ஏற்ற இரு சக்கர உழவு இயந்திரமொன்றை வடிவமைத்தார். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியிலிருந்த லான்ட்மாஸ்டர் நிறுவனம் அதனைத் தயாரித்து விற்றது. பின்னர் யப்பானிலிருந்து குபோட்டாவும், சீனாவிலிருந்து வேறு பலவும் டீசல் இயந்திரங்களோடு வந்தன. எனினும் பெயர் மாறவில்லை. எந்த நாட்டிற் செய்யப்பட்டதாயினும், இலங்கையின் உழவனுக்கு அது லான்ட்மாஸ்டரே.

உழுவதற்கு வந்த இயந்திரத்தை ஊர்தியாக்கியது ஊர்க் கொல்லனும் கராஜ்காரனும் ஆவர். சேற்றுக்குரிய இரும்புச் சில்லைக் கழற்றி இறப்பர்ச் சில்லைப் பூட்டினர். உழவு முடிந்ததும் பின்னே ஒரு பெட்டியைக் கொழுவினர். பழைய வாகனமொன்றின் அச்சும் சில்லும், கோண இரும்புச் சட்டமும், மரப் பலகையும் சேர்ந்தால் பெட்டி தயார். பெட்டியின் முகப்பில் ஒரு பலகை ஓட்டுநரின் ஆசனமாயிற்று. காலடியில் ஒரு மிதி, பெட்டிக்குத் தடையாயிற்று. அப்பலகையில் அமர்ந்து நீண்ட கைப்பிடிகளைப் பற்றியவன் முன் ஒரு முழு வண்டி உருவாகியிருந்தது. நெல்மூடையும் விறகும் மட்டுமன்றி, மணப்பெண்ணும் நோயாளியும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் ஏறினர். வேகம் மிதிவண்டியின் வேகமே. ஆனால் மாரிக்காலத்து வயற்பாதையில் காரும் லொறியும் நின்றுவிட்ட இடத்தையும் அது கடந்து சென்றது.

அதனை ஓட்டுவது ஒரு தனிக் கலை. அதற்குச் சுக்கான் இல்லை. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு கிளச். அதனை இயக்கும் நெம்பு கைப்பிடியில் இருக்கும். இடப்பக்க நெம்பை அழுத்தினால் இடச்சில்லுக்குச் செல்லும் வலு அறுபடும். வலச்சில்லு தள்ள, வண்டி இடப்புறம் திரும்பும். மேட்டிலும் சமதரையிலும் இதுவே விதி. குளக்கட்டிலிருந்து பாரத்தோடு கீழே இறங்கும்போது விதி தலைகீழாகிவிடும். அப்பொழுது இயந்திரம் பெட்டியை இழுப்பதில்லை. பெட்டியே இயந்திரத்தைத் தள்ளும். இடச்சில்லை விடுவித்தால் அது தடையின்றி விரைந்து உருள, வண்டி வலப்புறம் திரும்பும். இதனை அறியாத புதியவன், இடப்பக்கம் திரும்ப நினைத்து வலப்பக்க வாய்க்காலில் விழுவான். அறிந்தவனோ, இறக்கத்தில் நெம்பைத் தொடாமல் கைப்பிடியைத் தோள்வலியால் திருப்பி, மிதியால் வேகத்தை அடக்குவான். மூன்று குதிரைவலுவோ பத்துக் குதிரைவலுவோ, அந்த வலுவை ஆள்வது இவ்வனுபவமே.

சிறு இயந்திரத்தை ஊர்தியாக்கும் இக்கைத்திறன் வன்னிக்கு மட்டும் உரியதன்று. குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியில் என்பீல்ட் புல்லட் மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு ஒரு பார வண்டியைப் பிணைத்து மூன்று சில்லு ஊர்தி செய்தனர். சக்கடா என்ற பெயரில் அது கிராமங்களின் பொது ஊர்தியாயிற்று. சென்னை நகரத்தில் மீன் ஏற்றும் முச்சக்கர மிதிவண்டிக்குப் பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் இயந்திரங்களைப் பொருத்தியதே மீன்பாடி வண்டி. பஞ்சாபிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் நீரிறைக்கும் இயந்திரமே வண்டியின் இயந்திரமாயிற்று. இவற்றிற் பல சட்டத்தின் அனுமதி பெறாதவை. தடையும் விளக்கும் செம்மையாக அமையாதவை பல, விபத்துக்கும் காரணமாயின. ஆயினும் வாங்குவதற்குப் பணமில்லாதவன், செய்வதற்குக் கையுடையவனாக இருந்தான் என்பதற்கு இவை சான்றாகும்.

1970இன் பின் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டபோது, விசுவமடுவினதும் முத்தையன்கட்டினதும் மிளகாய்த் தோட்டங்கள் செழித்தன. தோட்டக்காரன் கையிற் பணம் புழங்கிற்று. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அத்தோட்டங்களின் விலை சரிந்தது. அதே வாயில்வழியே யப்பானிய இயந்திரங்கள் பெருந்தொகையாக வந்தன. ஒரு கையால் எடுத்த காலம் மறு கையால் ஒரு கருவியைக் கொடுத்தது எனலாம். அக்கருவியின் உண்மையான சோதனை அதன்பின்னரே வந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல், டீசல், மின்கலம், உதிரிப்பாகம் முதலியன செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு அனுமதிக்கப்பட்டது. அந்நாளில் வடபகுதியின் கராஜ்கள் ஒரு பழைய பாடத்தைப் புதிதாகக் கண்டெடுத்தன. மோட்டார் சைக்கிளின் காபுறேற்றருள் சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை இயக்குவர். அது சூடேறியதும் தாங்கியிலுள்ள மண்ணெண்ணெய் ஓடத் தொடங்கும். வெண்புகை எழும், இயந்திரம் தட்டும், பிளக்கிற் கரி படியும், எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆயினும் வண்டி ஓடிற்று. டீசல் இயந்திரங்களிலும் மண்ணெண்ணெயே எரிந்தது; அதன் வறட்சியால் எரிபொருட் பம்பி தேயாதிருக்க வேறு எண்ணெய் சிறிது கலந்தனர். மின்கலம் இல்லாத வீடுகளில், மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும் அக்காலத்திலேயே.

இது புதுமை போலத் தோன்றினும், இதன் அடிப்படை பழையது. 1940களிலும் 1950களிலும் பேர்குசன், போர்ட்சன் உழவு இயந்திரங்கள் பலவற்றுக்கு இரண்டு தாங்கிகள் இருந்தன: சிறியதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெயை ஒத்த மலிந்த எரிபொருள். பெற்றோலில் இயக்கி, சூடானபின் மற்றையதற்கு மாற்றுவதே அவற்றின் முறை. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சூடு வேண்டும். நெருக்கம் மிகுந்தால் காலத்துக்கு முன் வெடிக்கும். ஆதலால் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தின் பொறியியலாளர் வரைபலகையிற் செய்ததையே, வன்னியின் கராஜ்காரன் சூப்பிப் போத்தலைக் கொண்டு செய்தான். மூலநூல் அவனிடம் இல்லை. இயந்திரமே அவனுக்கு நூலாயிற்று.

1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் பெயர்ந்தனர். பலர் வன்னிக்கு வந்தனர். 1996இற் கிளிநொச்சி போர்முனையானபின் புதுக்குடியிருப்பு மக்கள் நெருங்கிய பட்டினமாயிற்று. வந்தவர்களுள் கடைசற்காரரும் ஒட்டுவேலைக்காரரும் இருந்தனர். வாங்க முடியாத உறுப்பைக் கடைந்து செய்வது, ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்துவது, தேய்ந்த சில்லை ஒட்டி ஓட்டுவது ஆகியவை அன்றாடத் தொழில்களாயின. சிறு இயந்திரமே இந்த வைத்தியத்துக்கு இசைந்தது. ஒரே உருளை, திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 2002இல் போர்நிறுத்தத்தோடு தடை தளர்ந்து, ஏ-9 வீதி திறந்தபோது, எரிபொருளும் உறுப்புகளும் மீண்டும் வந்தன. 2006இல் வீதி மீண்டும் மூடப்பட்டது.

2008இன் பிற்பகுதியிலும் 2009இன் முற்பகுதியிலும் மக்கள் மேற்கிலிருந்து கிழக்காகப் பெயர்ந்தபோது, பரந்தன் வீதியெங்கும் உழவு இயந்திரங்களும் லான்ட்மாஸ்டர்களும் நிறைந்தன. நெல் ஏற்றிய பெட்டியில் முதியோரும் குழந்தைகளும் சட்டிபானைகளும் கூரைத் தகரங்களும் ஏறின. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, அங்கிருந்து மற்றோரிடத்துக்கு என்று ஒரே பெட்டி பலமுறை ஏற்றி இறக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்தபோதும், பாதை முடிந்தபோதும், காத்துவந்த வண்டியை விட்டுவிட்டு மக்கள் நடந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையே மிதிவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் துருப்பிடித்த குவியல்களாகக் கிடந்தன. உயிரிழப்பின் முன் இரும்பின் இழப்பு எண்ணத்தக்கதன்று. ஆனால் அக்குவியலில் ஒவ்வொரு வண்டியும் ஒரு குடும்பத்தின் சீவனோபாயமாக இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

கண்ணிவெடி அகற்றப்பட்ட ஒழுங்கில் ஊர்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. மெனிக் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பியவன் முதலிற் கட்டியது கொட்டில். அடுத்துத் தேடியது உழுவதற்கு ஒரு வழி. இந்திய அரசு வடபகுதி உழவருக்கென 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. கடனிலும் உதவியிலும் இரு சக்கர இயந்திரங்களும் வந்தன. கராஜ்கள் மீண்டும் வீதியோரத்தில் முளைத்தன. மீண்டும் காலபோகம் வந்தது. பெட்டியில் மீண்டும் நெல்மூடை ஏறிற்று.

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இன்றித் தவித்தபோது, கொழும்பு நகரம் முதன்முறையாக அறிந்துகொண்டதை வன்னி முன்னரே அறிந்திருந்தது. ஆயினும் இம்முறை பழைய வழி எளிதாக இருக்கவில்லை. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. ஏழையின் எரிபொருள் என்ற பெயர் அதற்குப் பொருந்தாமற் போயிற்று. புதிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் காபுறேற்றருக்குப் பதிலாக மின்னணுவினால் எரிபொருள் பீச்சும் அமைப்பு வந்துவிட்டது. அது சிக்கனமானது, புகையும் குறைவு. ஆனால் சூப்பிப் போத்தலுக்கு அங்கு இடமில்லை. பழுதானால் திறந்து பார்ப்பவனுக்குக் கம்பிகளும் அடைத்த பெட்டியும் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

லான்ட்மாஸ்டரை வடிவமைத்த றே விஜேவர்த்தனவே பிற்காலத்தில் தம் படைப்பை மறுபரிசீலனை செய்தார். நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அவர், மண்ணை இத்தனை உழவேண்டுமா என்றும், வெளிநாட்டு எண்ணெயை நம்பிய இயந்திரம் எருமையின் இடத்தைப் பிடிப்பது தக்கதா என்றும் வினவினார். உழவைக் குறைத்து, மரம் வளர்த்து, விறகிலிருந்தே வலுவைப் பெறும் வழியை வற்புறுத்தினார். 2010இல் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய வினாவின் நியாயத்தை, எண்ணெயில்லா நாட்களில் வன்னி தன் உடலால் உணர்ந்தது. எனினும் அவர் தந்த இயந்திரத்தை வன்னி கைவிடவில்லை. அதனைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டது.

ஆகவே இவ்வரலாறு உணர்த்துவது யாதெனில், கரடுமுரடான பாதையில் ஒரு வண்டியை ஓட வைப்பது அதன் வலு மட்டுமன்று. பழுதானால் திறக்கவும், உறுப்பில்லாவிடின் செய்யவும், எண்ணெயில்லாவிடின் வேறொன்றைப் பருகவைக்கவும் அவ்வூரில் ஒரு கை இருத்தல் வேண்டும். கலிபோர்னியாவின் மணல்மேட்டில் அது விளையாட்டாயிற்று. சேர்பிற்றனில் அது வாகையாயிற்று. புதுக்குடியிருப்பில் அது வாழ்வாயிற்று. மேயர்ஸின் வண்டியும் கூப்பரின் காரும் நூல்களிலும் காட்சிச்சாலைகளிலும் இடம்பெற்றுவிட்டன. மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓடவைத்தவர்களின் கைத்திறன் அவர்களது நினைவிலேயே பெரிதும் தங்கியிருக்கின்றது. அவர்களோ முதுமை எய்தி வருகின்றனர். அவர்களருகே அமர்ந்து கேட்டு, எந்தத் துளையை எவ்வளவு பெருப்பித்தார்கள், எந்தத் தகட்டை எங்கே வைத்தார்கள் என்று எழுதிவைக்கும் மாணவன் ஒருவன் ஒவ்வொரு ஊரிலும் தோன்றுவானாயின், அஃது இம்மண்ணின் பொறியியல் வரலாற்றில் முதல் அத்தியாயமாக அமையும்.